ஆறாவது வாரத்தில் ஒரு மாற்றம் கேளுங்கள்

இணையவழியில் மென்பொருள் கட்டமைப்பை (ஒரு மென்பொருளை எந்தெந்தப் பகுதிகளாகப் பிரிப்பது, அவற்றை எப்படி இணைப்பது என்கிற படிப்பை) முதுநிலைப் பாடமாக நடத்தும் ஆசிரியர்களுக்கும், அதன் பாடத்திட்டத்தை வகுப்பவர்களுக்கும்,

வணக்கம்.

பகலில் வேலை, இரவில் உங்கள் வகுப்பு என்று படிக்கிறவர்களில் நானும் ஒருவர். காணொளிகள் பற்றி எனக்குக் குறை இல்லை. புரியாத இடத்தில் நிறுத்தி, பின்னால் தள்ளி, மறுபடியும் கேட்கிற வசதி எந்த வகுப்பறையிலும் கிடைக்காது. என் குறை அசைன்மென்ட் பற்றியது.

வழக்கமாக நடப்பது இதுதான். ஒரு தேவைப் பட்டியல் தருகிறீர்கள். நாங்கள் பெட்டியும் அம்புக்குறியுமாக டயகிராம் வரைந்து, ஏன் இப்படி வரைந்தோம் என்று இரண்டு பத்தி எழுதி, கெடு முடிவதற்குள் ஏற்றிவிடுகிறோம். மதிப்பெண் வருகிறது. அடுத்த அசைன்மென்ட் வேறொரு கற்பனை நிறுவனத்துக்கு, மறுபடியும் வெற்றுத் தாளிலிருந்து. பழைய டிசைனை அதற்குப் பிறகு யாரும் திறந்துகூடப் பார்ப்பதில்லை, வரைந்தவர் உட்பட.

ஒரு டிசைன் நல்லதா இல்லையா என்று தெரிவதே அதில் கை வைக்க வேண்டி வரும்போதுதான். முதல் நாளில் எல்லா டயகிராமும் அழகாகத்தான் இருக்கும்.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. ஒரு நிரலை மாட்யூல்களாக, அதாவது தனித்தனிப் பகுதிகளாக, எந்த அடிப்படையில் பிரிப்பது என்று கணினி அறிஞர் டேவிட் பார்னாஸ் 1972இல் எழுதிய கட்டுரையை நீங்களே எங்களைப் படிக்கச் சொல்கிறீர்கள். அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் மிகச் சின்னது. வரிகளை வாங்க வேண்டும். ஒவ்வொரு வரியிலும் முதல் சொல்லை எடுத்துக் கடைசியில் போட்டுப் போட்டுச் சுழற்ற வேண்டும். கிடைக்கிற அத்தனை வரிகளையும் அகரவரிசையில் அடுக்கித் தர வேண்டும். நல்ல நிரலாளர் ஓரிரு வாரத்தில் முடித்துவிடுவார் என்று அவரே சொல்கிறார். அதை இரண்டு விதமாகப் பிரித்துக் காட்டுகிறார். முதல் பிரிப்பு வேலை நடக்கிற வரிசைப்படி: வாங்க ஒன்று, சுழற்ற ஒன்று, அடுக்க ஒன்று, அச்சிட ஒன்று. இரண்டாவதில், பின்னாளில் மாறக்கூடிய ஒரு முடிவை ஒவ்வொரு மாட்யூலும் தனக்குள் மறைத்து வைத்துக்கொள்கிறது. இரண்டுமே ஓடும். வெறும் டயகிராமைப் பார்த்து மதிப்பெண் போட்டால் முதல் பிரிப்புக்குத்தான் கூடுதலாக விழும் என்று நினைக்கிறேன். பார்த்தவுடனே புரிகிறதே.

அப்புறம்தான் அவர் மாற்றங்களைக் கொண்டுவருகிறார். வரிகளை நினைவகத்தில் வைத்திருக்கும் விதம் மாறினால் என்ன ஆகும்? முதல் பிரிப்பில் எல்லா மாட்யூலையும் திருத்த வேண்டும். இரண்டாவதில் ஒன்றே ஒன்றைத் தொட்டால் போதும். கட்டுரையின் உயிரே இந்தக் கேள்விதான். எங்கள் டிசைனைப் பார்த்து மட்டும் இதை நீங்கள் கேட்பதே இல்லை.

கேளுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். பருவம் முழுவதற்கும் ஒரே அமைப்பு போதும். இரண்டாவது வாரத்தில் அதை வடிவமைக்கச் சொல்லுங்கள். ஒரு சின்னப் பகுதியையாவது ஓடுகிற நிரலாக எழுதச் சொல்லுங்கள். ஆறாவது வாரத்தில், முன்கூட்டிச் சொல்லாமல், ஒரு மாற்றம் கேளுங்கள். ஒரே நாணயத்தில் நடந்த விற்பனை இனிமேல் பல நாணயங்களில் நடக்க வேண்டும். அல்லது, பயனரின் தரவு அவருடைய நாட்டை விட்டு வெளியே போகக் கூடாது. அல்லது, பணம் வசூலிக்கும் சேவை அரை மணி நேரம் பதில் தராவிட்டாலும் ஆர்டர் எடுப்பது நிற்கக் கூடாது. எத்தனை இடத்தில் கை வைத்தோம், பழைய முடிவுகளில் எது காப்பாற்றியது, எது குறுக்கே நின்றது என்று எழுதச் சொல்லி அதற்கு மதிப்பெண் போடுங்கள். டிசைன் தாங்கவில்லை என்பதற்காகக் குறைக்க வேண்டாம். ஏன் தாங்கவில்லை என்று சொல்லத் தெரியவில்லை என்றால் தாராளமாகக் குறையுங்கள்.

பத்தாவது வாரத்தில் டிசைனை வேறொரு குழுவிடம் கொடுத்து, அடுத்த மாற்றத்தை அவர்களைச் செய்யச் சொல்லலாம். எடுத்த முடிவுகளையும் அவற்றின் காரணங்களையும் சிறு குறிப்புகளாக எழுதி வைக்கும் முறையை மைக்கேல் நைகார்ட் என்ற மென்பொருள் வல்லுநர் 2011இல் முன்வைத்தார். நாங்களும் எழுதுகிறோம், நீங்கள் படிப்பதற்காக. முன்பின் தெரியாத நாலு பேர் அதை நம்பி வேலை செய்யப்போகிறார்கள் என்று தெரிந்தால் வேறு மாதிரி எழுதுவோம்.

ஏரியான் 5 என்ற ஐரோப்பிய ராக்கெட்டின் கதையை எல்லோரும் நடத்துகிறீர்கள். 1996 ஜூன் 4 அன்று கிளம்பிய ராக்கெட் ஒரு நிமிடம்கூடத் தாண்டாமல் வெடித்துச் சிதறியது. அதற்கு முந்தைய ராக்கெட்டான ஏரியான் 4இலிருந்து அப்படியே எடுத்த நிரலில், 64 பிட் தசம எண்ணை 16 பிட் முழு எண்ணாக மாற்றும் இடத்தில் எண் கொள்ளாமல் போனது. வகுப்பில் இது பெரும்பாலும் எண் வகைப் பிழையாகவே முடிந்துவிடுகிறது. விசாரணை அறிக்கையில் என்னை உறுத்தியது வேறொன்று. அந்த எண்ணை வைத்திருந்த மாறிக்கு, அளவு மீறினால் தடுக்கும் பாதுகாப்பு தேவையில்லை என்பது யோசித்தே எடுத்த முடிவு. பழைய ராக்கெட்டின் பாதைக்கு அது சரியும்கூட. ஆனால் அதற்கான காரணம் நிரலில் எங்கும் இல்லை. ஆவணக் குவியலுக்குள் இருந்ததால் வெளியிலிருந்து பரிசோதித்தவர்கள் கண்ணில் அது படவில்லை. இதைக் காணொளியில் கேட்டால் தலையாட்டிவிட்டுப் போய்விடுவோம். வேறு குழுவின் டிசைனைக் கையில் வாங்கி முழித்தால் மறக்காது.

குழு வேலை பற்றியும் ஒன்று. ஒரு நிறுவனம் உருவாக்கும் அமைப்பின் வடிவம் அந்த நிறுவனத்தின் தகவல் தொடர்பு வடிவத்தையே ஒத்திருக்கும் என்று மெல்வின் கான்வே என்ற கணினி வல்லுநர் 1968இல் எழுதினார். இணையவழிப் பாடத்தைவிட இதற்கு வேறு நிரூபணம் வேண்டுமா? குழுவில் நாலு பேர், மூன்று நேர மண்டலம், பேசிக்கொள்ள ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம். விளைவு: நாலு மைக்ரோசர்வீஸ், அதாவது தனித்தனியே ஓடி ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் நாலு சின்னச் சேவைகள். அறிக்கையில் காரணம் என்று 'ஸ்கேலபிலிட்டி' (சுமை கூடினாலும் தாங்கும் திறன்) எழுதுகிறோம், நீங்களும் மதிப்பெண் போடுகிறீர்கள். ஒருவர் தூங்கும்போது இன்னொருவர் விழித்திருந்ததுதான் உண்மைக் காரணம். அதையே எழுதச் சொல்லுங்கள். அலுவலகங்களில் இதுதான் தினமும் நடக்கிறது.

மைக்ரோசர்வீஸ் பேச்சு வந்துவிட்டதால் சொல்கிறேன். வீடியோ தரத்தைக் கண்காணிக்கும் தங்கள் சேவையைப் பல துண்டுகளிலிருந்து ஒன்றாகச் சேர்த்ததில் உள்கட்டமைப்புச் செலவு 90 சதவீதத்துக்கு மேல் குறைந்தது என்று அமேசான் பிரைம் வீடியோ குழுவொன்று 2023இல் எழுதியது. அதற்காக ஒன்றாகச் சேர்ப்பதே சரி என்று ஆகிவிடாது. அவர்கள் சுமைக்கு அது பொருந்தியது. 'கீழ்க்கண்டவற்றுள் பொருத்தமான பேட்டர்ன் (வடிவமைப்பு மாதிரி) எது?' என்று நீங்கள் வைக்கும் க்விஸ் கேள்வியில் இந்த மாதிரி பதிலுக்கு இடமே இல்லை.

உங்கள் சிரமமும் தெரிகிறது. ஒரு பருவத்துக்கு நூற்றுக்கணக்கான மாணவர்கள்; திருத்துவதற்குச் சில உதவியாளர்கள். ஆனால் எல்லோருக்கும் ஒரே மாற்றம் என்றால் திருத்துகிறவர் பார்க்க வேண்டியது முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும்தான். ஒவ்வொரு முறையும் புது டயகிராமைப் புரிந்துகொள்வதைவிட அது சுலபம் என்றே நினைக்கிறேன். தவிர, புது டயகிராமும் இரண்டு பத்தி விளக்கமும் இன்று ஏஐ கருவியிடம் கேட்டால் உடனே வந்துவிடுகிறது. ஒரு மாதத்துக்கு முன் தானே எழுதிய நிரல் ஏன் வளைய மறுக்கிறது என்பதை உட்கார்ந்து பார்த்தவர்தான் சொல்ல முடியும்.

எல்லாவற்றையும் ஒரே பருவத்தில் கொண்டுவர முடியாது என்றால் சரி, ஆறாவது வார மாற்றத்தை மட்டுமாவது கொண்டுவாருங்கள். அதற்கு நேரம் எங்கே என்று கேட்டால், அந்த பேட்டர்ன் க்விஸ்ஸை எடுத்துவிடுங்கள். யாரும் தேடமாட்டோம்.

இப்படிக்கு,
உங்கள் மாணவர்களில் ஒருவர்