லயத்து வீட்டைக் காலி செய்யும் முன் தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பி,

அப்பாவுக்கு அடுத்த வருடம் 60, தோட்டக் கம்பெனி இந்த லயத்து வீட்டைத் திரும்பக் கேட்கும், அதற்குள் நம் கோல சிலாங்கூர் பக்கம் பெஸ்தாரி ஜெயாவிலேயே 3 லட்சம் வெள்ளிக்கு (ரிங்கிட்) ஒரு டெரஸ் வீடு பார்க்கிறேன் என்று எழுதியிருந்தாய். வீட்டுப் படம் ஆறு அனுப்பியிருக்கிறாய். கையில் எவ்வளவு இருக்கிறது, என்னென்ன கடன் ஓடுகிறது என்று ஒரு வரிகூட இல்லை. அதனால் வீட்டை அப்புறம் பார்ப்போம். முதலில் உன் சம்பளம்.

விலை ஏறியது உன் கற்பனை இல்லை. மலிவு வீட்டுக்கு 1982-இல் 25,000 வெள்ளி என்று விலை வைத்தார்கள். 1998-இல் நில மதிப்பைப் பொறுத்து 42,000 வரை போகலாம் என்றார்கள். 2016 கணக்கில், நடுத்தரக் குடும்பம் அதிகபட்சம் 2,82,000 வெள்ளி வீடுதான் தாங்கும், ஆனால் வீடுகளின் நடுத்தர விலை 3,13,000 என்று மலேசிய மத்திய வங்கியான பேங்க் நெகாராவே எழுதியது. நம் பக்கம் 2011-இல் கோலாலம்பூர்–கோல சிலாங்கூர் லத்தார் நெடுஞ்சாலை திறந்தபின், கோலாலம்பூரில் சம்பளம் வாங்குகிறவரும் இஜோக், பெஸ்தாரி ஜெயா பக்கம் வீடு தேடுகிறார். அவரோடு தோட்டச் சம்பளக்காரர் எப்படிப் போட்டி போடுவது?

உன் மொத்தச் சம்பளம் 3,800 என்று வைப்போம். சேமநிதி (இ.பி.எஃப்.), சொக்சோ காப்புறுதிப் பிடித்தம் போனால் கைக்கு சுமார் 3,350. 2,70,000 லோன், 35 வருடம், 4.2 சதவீத வட்டி என்றால் மாதத் தவணை 1,228 வெள்ளி. கார் தவணை 650, பி.டி.பி.டி.என். படிப்புக் கடன் 150. கிரெடிட் கார்டில் 3,000 பாக்கி இருந்தால், நீ எவ்வளவு கட்டினாலும் வங்கி 5 சதவீதம், அதாவது 150 என்று எழுதிக்கொள்ளும். கூட்டினால் 2,178. கைக்கு வருவதில் 65 சதவீதம் கடனுக்கே போகிறது. இதைத்தான் டி.எஸ்.ஆர். என்கிறார்கள். உன் சம்பளத்துக்கு 60-க்கு மேல் போனால் பல வங்கிகள் கையை விரிக்கும். சில அதற்கும் கீழேயே நிறுத்திவிடும்.

அதே கணக்கில் கார் தவணையை மட்டும் கழித்துப் பார்: 1,528, அதாவது 46 சதவீதம். ஒன்பது வருடக் கார் லோன்தான் நம் பிள்ளைகளின் வீட்டைத் தின்கிறது என்பது என் அபிப்பிராயம். கோபப்படாதே. ஓவர்டைம் காசையும் நம்பாதே. அதை ஆறு மாதச் சராசரியாகத்தான் எடுப்பார்கள், சில வங்கிகள் அதிலும் பாதி. கையில் ரொக்கமாக வாங்கி, சேமநிதியும் கட்டாத பகுதிநேர வேலை வங்கியின் கண்ணில் இல்லவே இல்லை. நிலையான சம்பளச் சீட்டு இல்லாதவர்களுக்கு எஸ்.ஜே.கே.பி. என்ற அரசு உத்தரவாதத் திட்டம் உண்டு. உன் மச்சானுக்குச் சொல், லாரி ஓட்டுகிறவருக்கு அதுதான் வழி.

விண்ணப்பிக்கும் முன் சிசிரிஸ் அறிக்கையை, அதாவது பேங்க் நெகாராவிலுள்ள உன் கடன் பதிவை, எடுத்துவிடு. கடைசி 12 மாதத்தில் எந்தத் தவணை எத்தனை மாதம் பிந்தியது என்று அதில் கட்டம் கட்டமாகத் தெரியும். மோட்டார் சைக்கிள் தவணை இரண்டு மாதம் பிந்தியதற்காக வீட்டு லோன் கைநழுவிப் போனவர்கள் நிறைய.

வட்டி ஒரே இடத்தில் நிற்காது. 2022 மே தொடங்கி 2023 மே வரை பேங்க் நெகாராவின் அடிப்படை வட்டி விகிதமான ஓ.பி.ஆர். 1.75-லிருந்து 3.00-க்குப் போனது; 2025 ஜூலையில் 2.75-க்கு இறங்கியது. மறுபடி அந்த அளவு ஏறினால் உன் தவணை 200 வெள்ளிக்கு மேல் கூடும். 1,450 கட்ட முடியுமா என்று இப்போதே மூன்று மாதம் அந்தக் காசை ஒதுக்கிப் பார்.

அடுத்து ரொக்கம். 10 சதவீதம் முன்பணம் 30,000. வக்கீல் கட்டணம் 5 லட்சம் வரை 1.25 சதவீதம்: ஒப்பந்தத்துக்கு 3,750, லோன் பத்திரத்துக்கு 3,375, மேலே 8 சதவீத சேவை வரி. எல்லாம் சேர்ந்து 7,700 அளவில் வரும். முத்திரை வரி சாதாரணமாக 5,000-மும் 1,350-மும். ஆனால் முதல் வீடு, 5 லட்சத்துக்குள், குடிமகன் என்றால் அது விலக்கு. 2027 டிசம்பர் 31 வரை நீட்டித்திருக்கிறார்கள். இதனால்தான் சொல்கிறேன், அவசியமில்லாமல் மனைவி பெயரையும் பத்திரத்தில் சேர்க்காதே. இருவருடைய முதல் வீட்டுச் சலுகையும் ஒரே வீட்டில் செலவாகிவிடும்.

சேமநிதி இருக்கிறதே என்பாய். இருக்கிறது, ஆனால் பிந்தி வரும். ஒப்பந்தம் கையெழுத்தாகி, லோன் கடிதம் கையில் வந்தபின்தான் சேமநிதியில் விண்ணப்பிக்க முடியும். 30,000-ஐ முதலில் நீ புரட்டியாக வேண்டும். எடுக்கக் கூடியது விலைக்கும் லோனுக்கும் உள்ள வித்தியாசமும், விலையில் 10 சதவீதமும்; சேமநிதியில் வீட்டுக்கு எடுக்கக் கூடிய கணக்கான அக்கவுண்ட் செஜாதராவில் அதைவிடக் குறைவாக இருந்தால் அவ்வளவுதான். இன்னொன்று: 2024 மே 11-க்கு முன் மாதச் சந்தாவில் 30 சதவீதம் அதன் பழைய வடிவமான இரண்டாம் கணக்குக்குப் போனது. இப்போது செஜாதராவுக்கு 15 மட்டும். 3,800 சம்பளத்துக்கு, முதலாளி பங்கும் சேர்த்து, மாதம் 137 வெள்ளி. லாப ஈவை விட்டுவிட்டால், 30,000 சேர 18 வருடம். பழைய பாக்கி எவ்வளவு என்று முதலில் பார்.

நீ அனுப்பிய படங்களில் இரண்டு புது பிராஜெக்ட். தரை வீட்டுக்கு ஒப்பந்தத் தேதியிலிருந்து 24 மாதம் டெவலப்பருக்கு அவகாசம். அப்பா வெளியேறுவது அடுத்த வருடம். இடையில் வாடகையும் கட்டி, வீடு எழ எழ வங்கி டெவலப்பருக்கு விடுவித்த தொகைக்கு வட்டியும் கட்ட முடியுமா? பழைய வீடுதான் உனக்குச் சரி. புது வீட்டில் ஒப்பந்தத்துக்கு முன் 'புக்கிங்' என்று காசு வாங்குவது சட்டப்படி தவறு, யார் கேட்டாலும் கொடுக்காதே.

பழைய வீட்டில் வேறு ஒரு குழி. விற்கிறவர் 3 லட்சம் கேட்கிறார், வங்கியின் மதிப்பீட்டாளர் 2,75,000 என்கிறார். லோன் 90 சதவீதம் அந்த 2,75,000-க்குத்தான்: 2,47,500. கையிலிருந்து 30,000 இல்லை, 52,500. அதனால் ஒப்பந்தத்துக்கு முன் விற்கிறவர் கேட்கும் 2 சதவீத முன்பணத்தைக் கொடுக்கும் முன் இரண்டு வங்கியில் வாய்மொழியாக மதிப்புக் கேள். லோன் கிடைக்காவிட்டால் முழுப் பணமும் திரும்ப வரும் என்று எழுத்தில் வாங்கு. ஏஜென்ட் 'விலையை ஏற்றி எழுதி முழு லோன் எடுத்துத் தருகிறேன்' என்றால் எழுந்து வந்துவிடு. அது வங்கியிடம் பொய் சொல்வது, தவணையும் உன் தலையில்.

கடைசியாக, அப்பாவுக்கு யாரோ சொன்ன அந்த 'லாட்' நிலம், அதாவது தனி மனை. 4,000 சதுர அடி, விலை மலிவு, ஓய்வுக் காசுக்கு வாங்கி வீடு கட்டிக்கொள்ளலாம் என்ற பேச்சு. கோல சிலாங்கூர் நில அலுவலகத்தில் சாரியான் ரஸ்மி, அதாவது அதிகாரபூர்வ நிலப் பதிவு நகல், எடு. கிராண்டில் (நிலப் பட்டாவில்) 'பெர்தானியான்' என்று இருந்தால் விவசாய நிலம். அதை 0.4 ஹெக்டேர், அதாவது ஒரு ஏக்கருக்குக் கீழே தனித் தனியாகப் பிரிக்க முடியாது. அப்படியானால் அவர்கள் விற்பது லாட் இல்லை, பெரிய நிலத்தில் ஒரு பங்கு. பெயர் பதிந்தாலும் எந்த மூலை உன்னுடையது என்று கிராண்டில் இருக்காது, வங்கி லோனும் கிடைப்பது கஷ்டம். அதே தாளில் கேவியட் (பெயர் மாற்றத் தடை) இருக்கிறதா, மலாய்க்காரருக்கென்று ஒதுக்கிய நிலமா, 'செக்காத்தான் கெப்பெந்திங்கான்' (உரிமைக் கட்டுப்பாடு) வரியில் மாநில அனுமதி வேண்டும் என்று இருக்கிறதா என்றும் பார். அனுமதி வேண்டிய குத்தகை நிலத்து வீடென்றால் பெயர் மாற்ற மாதக்கணக்கில் இழுக்கும். அதையும் அப்பா வெளியேறும் தேதிக்கு முன்னால் கணக்கில் வை.

சம்பளச் சீட்டு மூன்று, வங்கிக் கணக்கறிக்கை ஆறு மாதம், சிசிரிஸ் தாள், சேமநிதி அறிக்கை. நான்கையும் ஞாயிறுக்குள் அனுப்பு. அப்பாவிடம் அந்த லாட்டுக்கு இன்னும் ஒரு வெள்ளிகூடக் கொடுக்கவில்லையா என்று இன்றிரவே கேட்டுச் சொல்.

அன்புடன்
அண்ணன்