யாழினிக்குக் காய்கறியை நிறுத்தாதே

பாலக்கோடு,
வைகாசி மாதம்.

அன்பு மகள் கலைச்செல்விக்கு அம்மா எழுதிக்கொள்வது.

பூச்சிமருந்தால் காய்கறியெல்லாம் விஷமாகிவிட்டது என்று பயந்து, குழந்தைக்குத் தக்காளியையும் காலிஃபிளவரையும் திராட்சையையும் நிறுத்திவிட்டதாகப் போனில் சொன்னாய். உன் பயத்தில் நியாயம் இருக்கிறது. நான்கு வயதுப் பிள்ளை தன் எடைக்குப் பெரியவர்களைவிடக் கூடுதலாகவே சாப்பிடுகிறது. மூளையும் ஈரலும் இன்னும் வளர்ந்துகொண்டிருப்பதால், நமக்கு ஒன்றும் செய்யாத அளவு மருந்துகூட அதைப் பாதிக்கக்கூடும். ஆனால் அதற்காகக் காயையே நிறுத்தினால், சத்துக் குறைவு என்ற வேறொரு கேடு வந்து சேரும்.

நம் பக்கத்துத் தக்காளியையே எடுத்துக்கொள். காய்ப்புழுவுக்கும் வெள்ளை ஈக்கும் மருந்து அடிக்காத தோட்டம் இங்கே குறைவு. அடித்து இத்தனை நாள் கழித்துத்தான் பறிக்க வேண்டும் என்று மருந்து டப்பாவிலேயே போட்டிருக்கும். அந்த நாள்களைக் கடத்திவிட்டால் மருந்தின் பெரும்பகுதி வெயிலிலும் செடிக்குள்ளும் சிதைந்துவிடும். தக்காளியோ இரண்டு மூன்று நாளுக்கொரு முறை பறிக்கிற பயிர். மண்டியில் விலை ஏறி நிற்கும்போது, பழுத்ததைச் செடியிலேயே விட்டுவைக்க எல்லோருக்கும் மனசு வருவதில்லை. கேடு நுழைகிற இடம் அதுதான் என்பது என் எண்ணம்.

மருந்துத் தண்ணீர் தேங்கிக் காய்கிற இடம் காம்புக் குழி. ஆகவே காம்பைக் கிள்ளிவிட்டு, அந்தக் குழியை விரலால் நன்றாகத் தேய்த்து, ஓடுகிற தண்ணீரில் கழுவி, நறுக்கும்போது அந்தப் பாகத்தைச் சீவி எறிந்துவிடு. அமெரிக்காவில் 2017இல் ஆப்பிளை வைத்துச் செய்த ஓர் ஆய்வைப் பற்றி உன் தம்பி படித்துச் சொன்னான்: லிட்டருக்கு 10 கிராம் ஆப்ப சோடா கரைத்த தண்ணீரில் 12 முதல் 15 நிமிடம் வைத்தபோது தோலின் மேலிருந்த மருந்து போய்விட்டதாம், தோலுக்குள் இறங்கியது மட்டும் போகவில்லையாம். முட்டைக்கோஸுக்கு மேல் இலைகளை உரித்து எறி. கறிவேப்பிலையையும் கொத்தமல்லியையும் கட்டோடு அலசாமல், உருவியெடுத்து ஊறவைத்துக் கழுவு. கறிவேப்பிலைக்கு மாடியில் ஒரு தொட்டி வைத்துவிட்டால் இன்னும் நல்லது.

செடிக்குள்ளேயே ஊடுருவிப் பாயும் மருந்துக்குக் கழுவுவது போதாது. அதற்கு விளைவித்தவரையே கேட்க வேண்டும். கோயம்புத்தூர் ஆர்.எஸ்.புரம் உழவர் சந்தையில் விவசாயிகளே விற்கிறார்கள். வாரந்தோறும் ஒருவரிடமே வாங்கிப் பழகி, "மருந்து அடிச்சு எத்தனை நாளாச்சுங்க?" என்று கூச்சப்படாமல் கேள். வேப்பங்கொட்டைக் கரைசலும், வாசனை காட்டிப் பூச்சியை இழுத்துப் பிடிக்கிற இனக்கவர்ச்சிப் பொறியும் வைத்துப் பூச்சியை அடக்குகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் மறைக்காமல் சொல்வார்கள்.

மருந்து அதிகம் படாத பண்டங்களைத் தட்டில் கூட்டுவதுதான் எனக்குப் பிடித்த வழி. மானாவாரிக் கேழ்வரகுக்கும் சாமைக்கும் மருந்து அடித்தால் கட்டுப்படியாகாது என்பதால், நம் ஊரில் பெரும்பாலும் யாரும் அடிப்பதில்லை. நூறு கிராம் கேழ்வரகில் சுமார் 340 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. அரிசியில் சுமார் 10தான். யாழினிக்குக் களி இறங்காவிட்டால் முருங்கைக் கீரை போட்டு அடையாகச் சுட்டுக் கொடு. ஆவணி, புரட்டாசியில் கரட்டு மேட்டில் விளைகிற சீத்தாப்பழம் வந்துவிடும். மருந்தே காணாத பழம், அப்போது நிறைய அனுப்புகிறேன்.

மாம்பழத்துக்குக் கடைக்குப் போகாதே. கார்பைடு கல் வைத்துப் பழுக்கவைப்பது சட்டப்படி தடை செய்யப்பட்டிருந்தும் சில இடங்களில் இன்னும் நடக்கிறது. நம் தோப்பில் தத்துப்பூச்சிக்காகப் பூ எடுத்த சமயத்தில் அடித்ததோடு சரி, அதன்பின் மருந்து இல்லை. அப்பா செந்தூராவைக் காயாகவே பெட்டி போட்டு, வெள்ளிக்கிழமை பஸ்ஸில் ஏற்றிவிடுவார். மாப்பிள்ளையை இறக்கிக்கொள்ளச் சொல். பெட்டியிலேயே வைக்கோல் இருக்கும். அதில் காயை அடுக்கடுக்காகப் பரப்பி வைத்து, பழுத்ததை மட்டும் தினமும் பொறுக்கியெடுத்து, கழுவித் தோல் சீவிக் குழந்தைக்குக் கொடு.

அன்புடன்,
அம்மா