விஷத்தை முறித்ததா, நோயைத் தணித்ததா?

மூலிகைச் சாறுகளைச் சர்க்கரை நோய் வரவழைத்த எலிகளுக்குக் கொடுத்து ஆய்வு செய்யும் உயிர்வேதியியல் துறையினருக்கு,

வணக்கம். கொழிஞ்சாம்பாறைப் பக்கம் சின்னதாக ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடம் வைத்திருக்கிறேன். கேரளத்து மண், தமிழ்ப் பேச்சு, வைத்தியத்துக்கு ஒரு கால் பாலக்காட்டில், மறுகால் பொள்ளாச்சியில். வேலந்தாவளம் சாலையோரம் வெயிலில் நின்று ஆவாரம்பூ பறிக்கும் ஆய்வு மாணவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளைகள் மேல் எனக்குக் கோபமில்லை.

கோபம் வந்தது போன மாசியில். எனக்கு மாமா முறையாகும் தென்னந்தோப்புக்காரர் ஒருவருக்கு வெறும் வயிற்றில் ரத்தச் சர்க்கரை 342. மூன்று மாதத்துக்கு முன் 130ஐத் தாண்டாதவர். "மாத்திரையை நிறுத்திவிட்டேன். ஆவாரம்பூவை ஆராய்ச்சியிலேயே நிரூபித்துவிட்டார்களாம், பேரன் போனில் படித்துக் காட்டினான்" என்றார்.

யாரோ அனுப்பிய செய்திதான். ஆனால் அது எங்கிருந்து முளைக்கிறது என்று எனக்குத் தெரியும். உங்கள் கட்டுரைகள் பலவற்றுக்கும் வார்ப்பு ஒன்றே: கணையத்தைக் கெடுத்துச் சர்க்கரை நோயை வரவழைக்கும் அலாக்சான் அல்லது ஸ்ட்ரெப்டோசோடோசின் ஊசி போட்ட எலி, கிலோவுக்கு 200, 400 மில்லிகிராம் என எத்தனால் சாறு, உயர்ந்த கேட்டலேஸ் (செல்லைக் காக்கும் நொதி), குறைந்த மாலோன்டைஆல்டிஹைடு (செல்லின் கொழுப்பு சிதைந்ததற்கு அடையாளம்), கடைசி வரியில் "சர்க்கரை நோய்க்கு எதிரான ஆற்றல்".

அலாக்சான் கணையத்தைக் கெடுப்பதே ஃப்ரீ ராடிக்கல்கள் என்ற, செல்லைத் தாக்கும் மூலக்கூறுகளைக் கிளப்பித்தான். கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களில் கேட்டலேஸ் போன்ற காவல் நொதிகள் இயல்பிலேயே குறைவு. அவை முதலில் சாவதற்கு அதுவும் ஒரு காரணம். ஊசிக்கு முன்பே ஆக்சிஜனேற்றத் தடுப்புச் சாற்றைப் புகட்டினால் எலி தப்பிப்பதில் வியப்பென்ன? அது விஷத்தை முறித்தது. பல வருடம் சோறும் இனிப்பும் உட்கார்ந்த வாழ்க்கையுமாக வந்த மாமாவின் இரண்டாம் வகை நோய்க்கு அது என்ன செய்யும் என்பது வேறு கேள்வி.

அளவுக்கு வருவோம். எலியின் அளவை மனிதனுக்கு மாற்ற, உடற்பரப்புக் கணக்குப்படி ஏறத்தாழ 6ஆல் வகுக்கிறீர்கள். 400 மில்லிகிராம் என்றால் 60 கிலோ ஆளுக்குத் தினம் சுமார் 4 கிராம் வற்றிய சாறு. மாமா குடித்ததோ ஒரு கைப்பிடிப் பூவைக் கொதிக்க வைத்த தண்ணீர். எத்தனாலில் இறங்குவதெல்லாம் தண்ணீரில் இறங்கிவிடாது.

ஆக்சிஜனேற்ற அழுத்தம், அதாவது ஃப்ரீ ராடிக்கல்களின் தாக்குதல், குறைந்தால் நோயின் கேடும் குறையும் என்ற நம்பிக்கையே மனிதர்களிடம் சறுக்கியிருக்கிறது. 2000இல் வெளியான ஹோப் என்ற இதயநோய்த் தடுப்பு ஆய்வில் 9,500க்கு மேற்பட்டோர் இருந்தார்கள். பலர் சர்க்கரை நோயாளிகள். ஆக்சிஜனேற்றத் தடுப்புப் பொருளான வைட்டமின் ஈயை நாலரை வருடம் கொடுத்தும் மாரடைப்பு குறையவில்லை.

நான் செடிக்கு எதிரி அல்ல. மாமா நிறுத்திய மெட்ஃபார்மின் மாத்திரைக்கே மூதாதை, ஐரோப்பாவின் கலேகா என்ற செடிதான். அதன் சரக்கைப் பிரித்து, வேதிப்பொருளாகத் திருத்தி, 1957இல் மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். நீங்களோ எலியோடு நின்றுவிட்டு அடுத்த செடிக்குப் போய்விடுகிறீர்கள். எங்கள் வேலியில் படரும் சிறுகுறிஞ்சானை மலையாளத்தில் சக்கரக்கொல்லி என்பார்கள். அதன் இலையை மென்றபின் சீனி மணல்போல் இருக்கும். நாக்கில் நடக்கும் வித்தை அது. ரத்தத்திலும் அதுவே நடக்கும் என்று நம்ப அந்தப் பெயரே போதுமாக இருக்கிறது. அதன்மேல் உங்கள் கடைசி வரியும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

2023இல் வந்த, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வின்படி கேரளத்தில் பெரியவர்களில் நான்கில் ஒருவருக்குச் சர்க்கரை. அவர்களுக்காக ஒன்று செய்யுங்கள். ஒவ்வொரு கட்டுரையோடும் தமிழிலும் மலையாளத்திலும் ஒரு பக்கம் எழுதுங்கள். எந்த எலி, ஊசிக்கு முன்பா பின்பா, எதில் எடுத்த சாறு, மனிதருக்குக் கொடுத்தீர்களா இல்லையா என்று அதில் இருக்கட்டும். மாத்திரையை நிறுத்தாதீர்கள் என்பதைப் பெரிய எழுத்தில் போடுங்கள்.

மாமா மாத்திரைக்குத் திரும்பிவிட்டார். பூத்தண்ணீரையும் விடவில்லை, இரண்டும் சேர்ந்து சர்க்கரை தாழ்ந்துவிடாமல் இருக்க வாரம் ஒரு முறை பார்த்துக்கொள்கிறோம். அடுத்த முறை பூப் பறிக்க வரும்போது அந்தப் பக்கத்தைக் கொண்டு வாருங்கள். என் கூடத்துச் சுவரில் ஒட்டுவதற்காகக் காலண்டரைக் கழற்றி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு பரிசோதனைக் கூடத்துக்காரன்