ஒலிவைனைக் கேள்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. சகாராவில் கிடைத்த விண்கல்லை ஈரம் புகாத டிரை பாக்ஸில் வைத்துவிட்டாய் என்று படித்ததும் நிம்மதி. சிங்கப்பூர்ப் புழுக்கத்தில் அதிலுள்ள இரும்பு துருப்பிடிக்க அதிக நாளாகாது. அறுக்கும்போது குழாய்த் தண்ணீரைப் பயன்படுத்தாதே. குளோரைடு உள்ளே போனால் துரு உள்ளிருந்தே கிளம்பும். காய்ச்சி வடித்த நீர் விட்டு மெதுவாக அறுத்து, உடனே எத்தனாலில் ஊறவைத்து உலர்த்து.

காந்தம் லேசாகத்தான் இழுக்கிறது, அப்படியானால் இரும்பு குறைந்த எல் வகைதானே என்று கேட்டிருந்தாய். அதை நம்பாதே. இரும்பு அதிகமான எச் வகையில் உலோகம் எடையில் 15 முதல் 19 சதவீதம், எல் வகையில் 4 முதல் 10, எல்எல் வகையில் அதைவிடக் குறைவு. ஆனால் இதெல்லாம் புதிதாக விழுந்த கல்லுக்குத்தான். பாலைவனத்தில் நெடுங்காலம் கிடந்த எச் கல்லில் பாதி உலோகம் துருவாகியிருந்தால் அது எல் மாதிரிதான் தெரியும். இன்னொன்று, வலுவான காந்தத்தை ஒட்டினால் கல்லில் பதிந்திருக்கும் பழைய காந்தத் தடம் அழிந்துவிடும். தயவுசெய்து இனி வேண்டாம்.

கல்லிலுள்ள ஒலிவைன் என்ற கனிமம்தான் சரியான சாட்சி. உலோகம் துருவேறினாலும் அது எளிதில் மாறாது. கனிமத்தின் கலவையை அளக்கும் எலக்ட்ரான் மைக்ரோப்ரோபில் இருபது ஒலிவைன் மணிகளையாவது அளக்கச் சொல். ஃபயலைட் அளவு, அதாவது ஒலிவைனில் இரும்பின் பங்கு, 16 முதல் 20 மோல் சதவீதம் என்றால் எச், 22 முதல் 26 என்றால் எல், அதற்குமேல் 32 வரை எல்எல். கால்சியம் குறைந்த பைராக்சீன் கனிமத்தையும் அளந்தால் எல்லையோரச் சந்தேகம் தீரும். மணிக்கு மணி அளவு தாறுமாறாக வந்தால் கருவி மேல் பழி போடாதே, கல் அதிகம் சூடு படாத 3ஆம் படியாக இருக்கலாம்; சூடு ஏற ஏறப் படி எண்ணும் 6 வரை ஏறும். கல் உடைந்து வந்த தாய்க்கோளில் போதிய சூடு பட்டிருந்தால் எல்லா மணியும் ஒரே அளவுக்கு வந்திருக்கும். 1976இல் குஜராத்தில் விழுந்த தாஜாலா விண்கல் எச்3.8, அதாவது எச் வகை, படி 3.8; 2013இல் ரஷ்யாவில் விழுந்த செல்யாபின்ஸ்க் எல்எல்5.

படி எண்ணுக்கு, ஒளி ஊடுருவும்படி மெலிதாகத் தேய்த்த மென்தகடு வேண்டும். துருவேறிய கல் தேய்க்கும்போது உதிரும், அதனால் முதலில் வெற்றிடத்தில் எப்பாக்சி பசை ஏற்று. 0.03 மில்லிமீட்டர் வரை தேய். நுண்ணோக்கியில் இரு துருவ வடிகட்டிகளைக் குறுக்காக வைத்துப் பார்க்கும்போது பிளாஜியோகிளேஸ் கனிமம் மஞ்சளாகத் தெரிந்தால் தகடு இன்னும் தடிப்பு, சாம்பல் நிறத்துக்கு வரவேண்டும். அந்த மணிகள் 0.05 மில்லிமீட்டருக்குமேல் வளர்ந்து, காண்டிரூல்கள் என்ற சிறு உருண்டைகளின் விளிம்பு கரைந்திருந்தால் 6ஆம் படி. விளிம்பு தெளிவாக இருந்தால், ஜன்னல் கம்பி போல ஒலிவைன் வரிசை கட்டி நிற்கும் காண்டிரூல் ஒன்றைத் தேடிப் பார். எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காது.

வகைப்பாட்டைப் பதிவு செய்ய 20 கிராம் அல்லது மொத்த எடையில் 20 சதவீதம், இதில் எது குறைவோ அதை ஒதுக்கித் தரவேண்டும். அறுக்குமுன் எடை போட்டுக்கொள்.

ஞாயிறன்று தேக்காவில் பார்க்கும்போது அறுத்த சில்லைக் கொண்டு வா. லென்ஸ் என்னிடம் இருக்கிறது.

அன்புடன்,
முரளி