சாதாத் தபால்

சங்கரன்கோவில்
12.11.2025

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். மழை விட்டு விட்டுப் பெய்கிறது. மாடிப்படியில் பாசி பிடித்துக் கிடக்கிறது, துணி காயப்போட மேலே ஏறாதே என்றால் அம்மா கேட்பதில்லை. அண்ணன் மகனுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. உன்னை மாதிரியே "ஹாய் மக்களே" என்று சொல்லிக் காட்டுகிறான், காற்றுதான் வருகிறது.

போன் செய்தால் இரண்டு நிமிஷத்தில் "வேலை இருக்குப்பா, அப்புறம் கூப்பிடுறேன்" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம். இதையும் நீ பாதியில் மடித்து வைக்கலாம், ஆனால் அது எனக்குத் தெரியாது.

தீபாவளியன்று போட்டாயே, சரவெடிக்குப் பயந்து கதவைச் சாத்திக்கொண்டு ஜன்னல் வழியாகப் பையன்களுக்கு யோசனை சொல்கிற ஆச்சி, அந்த வீடியோதான் கடைசி. 41 செகண்ட். அதற்கப்புறம் 23 நாளாக ஒன்றையும் காணோம். நான் எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பதாக நினைக்காதே, சும்மா கண்ணில் பட்டது. யூடியூபிலும் இல்லை, இன்ஸ்டாவிலும் இல்லை. உடம்பு எதுவும் முடியவில்லையா? சரி, கேட்கவில்லை.

போஸ்ட் ஆபீஸ் ஆர்.டி. சேமிப்புக்கு இந்த மாசப் பணம் கட்டினாயா? 15-ஆம் தேதிக்குள் கட்டிவிட வேண்டும். தவறினால் நூறு ரூபாய்க்கு ஒரு ரூபாய் அபராதம். ஒரு ரூபாய்தானே என்பாய். காசு பெரிதில்லை, மாதம் தவறக்கூடாது. உன் தொழிலில் ஒன்றாம் தேதி சம்பளம் என்று ஒன்று கிடையாது. விளம்பரக் கம்பெனிக்காரன் பில்லை வாங்கிக்கொண்டு மூன்று மாதம் இழுக்கிறான் என்று அண்ணன் சொன்னான். ஓசியில் கொடுக்கிற பொருளுக்கும் வரி உண்டு, தெரியுமல்லவா? 2022 ஜூலையிலிருந்து, ஒருவரிடமிருந்து வருஷத்துக்கு 20,000 ரூபாய்க்கு மேல் போனால் 10 சதவீதம். வீடியோ எடுத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டால் இல்லை, நீயே வைத்துக்கொண்டால் உண்டு. அந்தச் செல்போனைத் திருப்பிக் கொடுத்தாயா, வைத்துக்கொண்டாயா? யாராவது நல்ல ஆடிட்டராகப் பார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எடுத்த வீடியோ ஒவ்வொன்றுக்கும் ஹார்ட்டிஸ்கில் ஒரு நகல் வை. முன்பே சொல்லியிருக்கிறேன், மறுபடியும் சொல்கிறேன். யூடியூபும் இன்ஸ்டாவும் புறம்போக்கில் கட்டின வீடு மாதிரி. எத்தனை அழகாகச் சுண்ணாம்பு அடித்தாலும் பட்டா உன் பெயரில் இல்லை. 2020 ஜூன் 29 மறந்துவிட்டதா? 59 செயலிகளை நிறுத்தினார்கள், அதில் டிக்டாக்கும் ஒன்று. பின்வாசல் படியில் விடிய விடிய உட்கார்ந்திருந்தாய். ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் பேர்ப்பா, எங்கே போய்த் தேடுவேன் என்று கேட்டாய். வீட்டைக் காலி செய்து போனவருக்கு வந்த தபாலின் மேல் 'புது விலாசம் தெரியவில்லை' என்று எழுதித் திருப்புவோமே, அதுதான் என் நினைவுக்கு வந்தது. சொல்லவில்லை. அம்மா உனக்குக் காபி போட்டுக் கொடுத்தாள். நான் உள்ளே படுத்துக்கொண்டு, விட்டது சனியன் என்று நினைத்தேன். அதற்கு முந்தின வருஷம் ஏப்ரலில் மதுரைக் கிளை ஐகோர்ட் தடை போட்டபோதுகூட, டீக்கடைப் பேப்பரை இரவல் வாங்கிவந்து உன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தவன்தானே நான். மூன்று வாரத்தில் கோர்ட்டே தடையை நீக்கியது. அந்தப் பேப்பரை மட்டும் நான் வாங்கிவரவில்லை.

உன் வேலை எனக்குப் புரியாது என்று அண்ணியிடம் சொன்னாயாம். கொஞ்சம் புரியும். 2022 கோடையில் பின்கட்டில் எடுத்தாயே, நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஆட்டுக்கல் மேல் செல்போனை நிறுத்தி, சாயாமல் இருக்க அம்மாவின் புளி டப்பாவை முட்டுக்கொடுத்திருந்தாய். எதிர்த்தெருத் தறிச் சத்தம் விழுகிறது என்று, மதியச் சாப்பாட்டுக்குத் தறி நிற்கிற நேரம் பார்த்து ஆரம்பித்தாய். கரண்டி கீழே விழுகிற அந்த ஒரு இடத்தை மட்டும் 15 தடவை எடுத்தாய். முதல் இரண்டு செகண்டில் ஆளைப் பிடித்து நிறுத்தாவிட்டால் விரலால் தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள் என்றாய். பதினைந்தாவது தடவை கரண்டி விழுந்த நேரம் பார்த்து ஒரு காக்கா கத்தியது. போச்சு, இதுவும் போச்சு என்று நான் நினைத்தேன். நீ அதைத்தான் வைத்துக்கொண்டாய். அந்தக் காக்காவைப் பற்றி மட்டும் நூறு கமெண்டாவது இருக்கும்.

ஆமாம், படிக்கிறேன். 34 வருஷம் ஊரார் கடிதத்தில் ஒரு வரி படிக்காமல் பட்டுவாடா செய்தவன், உனக்கு வருகிற கமெண்டை ஒன்று விடாமல் படிக்கிறேன். நல்லது சொல்கிறவர்கள்தான் அதிகம். மற்றதை எழுதுகிறவன் தன் சொந்தப் பெயரில் எழுதுவதில்லை. எங்கள் காலத்தில் மொட்டைக் கடிதம் என்போம். இன்ன தெருவில் இன்ன வீட்டுப் பெண் என்று விலாசம் மட்டும் சுத்தமாக எழுதியிருப்பான், அனுப்புநர் இடம் காலியாக இருக்கும். மையைப் பார்த்தே தெரியும். அதையும் கொண்டுபோய்க் கொடுக்கத்தான் வேண்டும். அதைப் படித்துவிட்டு அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன், அடுப்பில் போட்டுவிட்டு வேலையைப் பார்த்தவர்களையும் பார்த்திருக்கிறேன். நீ இரண்டாவது ரகம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

அந்தச் சூதாட்டச் செயலி விளம்பரத்தை வேண்டாம் என்று சொன்னாயாமே. நீ என்னிடம் சொல்லவில்லை, அண்ணன்தான் போன மாசம் சொன்னான். ஒரு வீடியோவுக்கு என்னுடைய நாலு மாசப் பென்ஷன். இந்த ஆகஸ்டில் சட்டமே வந்துவிட்டது, பணம் கட்டி ஆடுகிற விளையாட்டுக்கு விளம்பரம் செய்தாலே ஜெயில் என்று. நீ வேண்டாம் என்றது அதற்கு ஒரு வருஷம் முந்தி. யாரும் தடுக்காதபோதே. டீக்கடையில் நாலு பேரிடம் சொன்னேன். எவ்வளவு தொகை என்பதையும் சொல்லிவிட்டேன், அதைச் சொல்லியிருக்க வேண்டாம்.

ஆனால் அந்தப் போஸ்ட்மேன் வீடியோ எனக்குப் பிடிக்கவில்லை. இதை உன்னிடம் நான் சொன்னதே இல்லை. கண்மையால் மீசை வரைந்து, என் பழைய காக்கிச் சட்டையை மாட்டி, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, மணியார்டர் வாங்கின ஆச்சி நீட்டுகிற பத்து ரூபாயை வேண்டாம் வேண்டாம் என்று ஒரு கையால் தள்ளிக்கொண்டே இன்னொரு கையால் பையின் வாயைத் திறந்து காட்டுகிற அப்பா. 38 லட்சம் பேர் பார்த்தார்கள். நான் ரிட்டயர் ஆன மாசம், 2023 மே. பஸ் ஸ்டாண்டில் முகம் தெரியாத ஒரு பையன் என்னைப் பார்த்துப் பையைத் திறப்பதுபோல் செய்து காட்டிவிட்டுச் சிரித்தான். பாப்பா, நான் மணியார்டருக்குக் காசு வாங்கியதில்லை. தீபாவளி இனாம் வேறு, அது ஊர் வழக்கம். நீ வேடிக்கைக்குத்தான் செய்தாய், தெரியும். அந்த நடை, அந்தச் செருமல், சில்லறையை இரண்டு தடவை எண்ணுவது, எல்லாம் அச்சு அசல் நான்தான். அதனால்தானோ என்னவோ.

வயது 28 ஆகிறது. புளியங்குடிக்காரர்கள் இன்னமும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். அதைப் பற்றி எழுத வரவில்லை.

செப்டம்பரில் வந்திருந்தபோது, பான் கார்டு தேடிப் பச்சைப் பெட்டியைத் திறந்தாய். நான் கோயிலுக்குப் போயிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் பூட்டு வளையத்தில் தொங்கியது, பூட்டியிருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வரை இருப்பேன் என்றவள் அன்று சாயங்காலமே பொதிகையில் கிளம்பிவிட்டாய். கூட்டம் இருக்கிறது, அவசர ஷூட் என்றாய். ஸ்டேஷனில் என் முகத்தைப் பார்த்தாயா பார்க்கவில்லையா என்று அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். பெட்டியின் அடியில் இன்ஷூரன்ஸ் ஃபைலுக்குள் என்ன இருந்தது என்று நீ பார்த்திருந்தால், இதற்குமேல் எழுதுவது உனக்குப் புதிதில்லை. பார்க்காவிட்டாலும் எழுதத்தான் வேண்டும்.

2023-இல் ராத்திரி 11 மணிக்குப் போன் செய்தாயே, 90 நாளில் ஒரு கோடி வியூஸ் தாண்டிவிட்டது, இனி ஷார்ட்ஸ் என்கிற குட்டி வீடியோவுக்கும் விளம்பரப் பணத்தில் பங்கு, நூற்றுக்கு 45 என்று. அப்புறம், கூகுளிலிருந்து வீட்டு விலாசத்துக்குப் பின் நம்பர் வரும் என்றாய். ஆறு இலக்கம்தான், நம் ஊருக்கு 627-இல் ஆரம்பிக்குமே என்று நான் பின்கோடைச் சொன்னேன். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். கணக்கில் பத்து டாலர் சேர்ந்ததும் தபாலில் அனுப்புவார்களாம், அதைப் போட்டால்தான் பணம் இறங்குமாம், நாலு மாசத்துக்குள் போடாவிட்டால் விளம்பரத்தை நிறுத்திவிடுவார்களாம். எல்லாவற்றையும் நீயேதான் விளக்கினாய். தெரியாமல் செய்தேன் என்று என்னால் சொல்ல முடியாது.

ஆகஸ்டில் வந்தது. ஒட்டி மடித்த வெள்ளைக் காகிதம். எனக்குப் பிறகு என் பீட்டில், அதாவது நான் பார்த்த தெருக்களில், தபால் கொடுக்கிற பையன் டீக்கடையில் வைத்து, "அண்ணாச்சி, பாப்பாவுக்கு" என்று கையில் கொடுத்தான். சட்டைப்பையில் வைத்தேன். அன்று சாயங்காலம் நீ போனில், "அப்பா, தபால் எதுவும் வந்துச்சா?" என்றாய். "வரலையே" என்றேன். அந்த வார்த்தையை 34 வருஷம் எத்தனையோ வாசலில் சொல்லியிருக்கிறேன், ஒரு தடவைகூடப் பொய்யாகச் சொன்னதில்லை. மகன் மணியார்டரை எதிர்பார்த்துத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிற கிழவியிடம் சொல்லும்போது தொண்டை அடைக்கும். உன்னிடம் சொல்லும்போது அடைக்கவில்லை.

பணம் வராவிட்டால் அலுத்துப்போய்த் திரும்பி வருவாய், குரூப் ஃபோர் எழுதுவாய் என்று கணக்குப் போட்டேன். மீசையும் ஒரு காரணம், மறைக்கவில்லை. அக்டோபரில் இரண்டாவது வந்தது, நவம்பர் கடைசியில் மூன்றாவது. ரிஜிஸ்தர் என்றால் கையெழுத்து இருக்கும். சாதாத் தபாலுக்குச் சாட்சி கிடையாது, என்னைவிட அது யாருக்குத் தெரியும்? நீ ஆதாரைக் காட்டிச் சரிசெய்வதற்குள் பொங்கல் வந்துவிட்டது. இடையில் அம்மாச்சி போட்ட வளையலை அடகு வைத்தாய் என்பது பிறகுதான் தெரிந்தது. அதை மீட்டுவிட்டாயா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

இன்னொன்றும் நடந்தது. தபால் சரியாக வருவதில்லை என்று ஆன்லைனில் புகார் கொடுத்தாயே, அதற்கு அந்தப் பையனிடம் எழுத்தில் விளக்கம் கேட்டார்கள். அவன் கிராமிய டாக் சேவக், இலாகாவின் நிரந்தர ஊழியன் இல்லை, கல்யாணமாகி ஆறு மாசம். எப்படி எழுதுவது என்று என்னிடம்தான் வந்து கேட்டான். நான் டீ வாங்கிக் கொடுத்தேன், எழுதியும் கொடுத்தேன். உண்மையை மட்டும் சொல்லவில்லை. என் கையில்தான் கொடுத்தான் என்பதை அவனும் சொல்லவில்லை.

நேற்றுப் போய்ச் சொன்னேன். "பரவாயில்ல அண்ணாச்சி" என்றான். தபால் கட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை, தெரு வாரியாகத் தபாலை அடுக்கிக்கொண்டே இருந்தான்.

மூன்றையும் இதனுடன் வைத்திருக்கிறேன். முதலாவதைப் பிரித்தது நான்தான். மற்ற இரண்டும் ஒட்டு பிரியாமல் இருக்கின்றன. இனிமேல் அந்த நம்பரால் உனக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. விலாசம் உன்னுடையது, அதனால் உன்னிடம் வருகிறது. ரிஜிஸ்தர் தபாலை இந்த செப்டம்பரோடு ஸ்பீட் போஸ்டில் சேர்த்துவிட்டார்கள். உன் கையில்தான் கொடுக்க வேண்டும் என்று தனியாகக் காசு கட்டி அனுப்புகிறேன். அறைத்தோழியிடம் கொடுக்க மாட்டார்கள், நீ இருந்து கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்.

வீடியோ போட்டால் போடு, போடாவிட்டால் விடு. போனை மட்டும் எடு. திட்டுவதென்றாலும் போனில் திட்டு, அம்மா தூங்கின பிறகு 10 மணிக்கு மேல் நான் மாடிப்படியில்தான் உட்கார்ந்திருப்பேன்.

இத்தனை நேரமாக என்ன எழுதுகிறீர்கள் என்று அம்மா இரண்டு தடவை வந்து கேட்டுவிட்டாள். ஆர்.டி. விஷயம் என்று சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
அப்பா

பி.கு.: அண்ணனுக்கு அனுப்பின விலாசத்தில் சாலிகிராமத்துக்கு 600092 என்று எழுதியிருக்கிறாய். அது விருகம்பாக்கம். உறையில் 93 என்று திருத்தி எழுதியிருக்கிறேன்.