மாவு பொங்குகிற வீட்டிலிருந்து

தாராவி, மும்பை

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுகிறேன். மணி விடிகாலை மூன்றரை. முதல் ஈடு அடுப்பில் வெந்துகொண்டிருக்கிறது, அம்மா சட்னிக்குத் தேங்காய் துருவுகிறாள். சைக்கிள்காரர்கள் ஐந்து மணிக்கு இட்லி எடுக்க வருவார்கள். அதற்குள் எழுதிவிடுகிறேன்.

நீ அனுப்பிய ரிப்போர்ட்டை நம்ம டாக்டரம்மாவிடம் காட்டினேன். மூன்று மாத சர்க்கரை சராசரி (HbA1c) 6.1 சதவீதம். 5.7 ஆனாலே சர்க்கரை வியாதிக்கு முந்தின படியாம், 6.5 வந்தால் வியாதியே வந்த மாதிரி. இருபத்தொன்பது வயதில் இந்த எண்ணா என்று இரண்டு நாளாக எனக்குத் தூக்கமில்லை. உடம்பில் அழற்சி இருப்பதைக் காட்டும் சி.ஆர்.பி. என்ற ரத்தப் பரிசோதனை அளவும் கூடுதலாம். "காய்ச்சல் சளி எதுவும் இல்லையே, பிறகு ஏன்?" என்று கேட்டேன். நீறு பூத்த நெருப்பு மாதிரி உள்ளே அழற்சி இருந்தாலும் அது ஏறும் என்றார். தொப்பைக் கொழுப்பு சும்மா கிடப்பதில்லையாம். அழற்சியைத் தூண்டும் பொருட்களை ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்குமாம். அதனால் இன்சுலின் சுரந்தும் வேலை சரியாக நடக்காது. நாளடைவில் ரத்தக் குழாயும் கெடும்.

நீயோ நல்ல பாக்டீரியா அடைத்த புரோபயாட்டிக் கேப்சூலும் மஞ்சள் கேப்சூலும் ஆர்டர் போட்டிருக்கிறேன் என்கிறாய். அது மட்டும் போதாது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். குடலில் கோடி கோடியாக வாழும் பாக்டீரியாவுக்குத் தீனி நார்ச்சத்து. நம்மால் செரிக்க முடியாத நாரை அவை புளிக்கவைத்து பியூட்டிரேட் என்ற அமிலத்தைச் செய்கின்றன. பெருங்குடல் சுவருக்கு முக்கியமான சாப்பாடே அதுதான். நார் கிடைக்காவிட்டால், சுவரைக் காக்கும் வழவழப்பான படலத்தையே அவை தின்னத் தொடங்குவதை எலிகளில் பார்த்திருக்கிறார்கள். அந்தச் சுவர் பலவீனமானால் உள்ளே அழற்சி கூடலாமாம்.

இது எனக்குச் சட்டென்று புரிந்தது. டிசம்பர் குளிரில் மாவு டிரம்மைச் சாக்கால் மூடி, நடுராத்திரியில் மூடியைத் தூக்கிப் பார்ப்பேனே, நினைவிருக்கிறதா? மேலே பொடிப்பொடியாகக் குமிழ் விட்டு, லேசாகப் புளிப்பு வாசம் வந்தால்தான் எனக்கு மூச்சே வரும். உளுந்தைப் போடாமல் வெறும் அரிசியை அரைத்து வைத்தால் மாவு அப்படிப் பொங்குமா? நீயும் வயிற்றுக்கு ஒன்றும் போடாமல் கேப்சூலை மட்டும் விழுங்கப் பார்க்கிறாய்.

நம்ம இட்லியே மருந்து என்று சொல்லமாட்டேன். ஆவியில் வெந்ததும் அந்த பாக்டீரியா செத்துவிடும். மிச்சம் பெரும்பாலும் அரிசிதான், அளவு மீறினால் சர்க்கரையை ஏற்றும். உடைந்தது, மிஞ்சியது என்று நான் காலையில் எட்டு இட்லி தின்றேன், சாயங்காலம் வடாபாவ், நடுநடுவே ஐந்தாறு கட்டிங் சாய், அதுதான் அரை கிளாஸ் டீ. அப்புறம் காலில் கிரைண்டர் மூடி விழுந்த காயம் மூன்று மாதம் ஆறவில்லை. நீதானே கட்டு மாற்றிவிட்டாய்? அந்தச் சீழ் வாடை உனக்கு மறந்திருக்காது. உன் காலுக்கு அது வரக்கூடாது, தம்பி.

இந்தியாவின் நோய்ச் சுமையில் 56.4 சதவீதம் தப்பான சாப்பாட்டால்தான் என்று ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 கையேட்டில் போட்டிருக்கிறதாம். நைட் ஷிஃப்டில் உனக்கு வாய்ப்பதெல்லாம் பர்கரும் கோலாவும்தான், தெரியும். அதனால்தான் டப்பா கொண்டுபோ என்கிறேன். நாச்னி பாக்ரி (கேழ்வரகு ரொட்டி) இரண்டு, முளைகட்டின மட்கி உசல் (நரிப்பயறு மசாலா), ஒரு கிண்ணம் தயிர். பக்கத்து வீட்டு மராட்டி அக்கா அம்மாவுக்குக் கற்றுக்கொடுத்தது. இப்போது எனக்கும் அதுதான் ராத்திரிச் சாப்பாடு. ஆனால் ஒரே நாளில் நாரைக் கூட்டாதே, வயிறு உப்பும். கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டு, தண்ணீர் நிறையக் குடி.

சனிக்கிழமை சயானிலிருந்து கிளம்பும் புனே பஸ்ஸில் ஒரு பை வரும். நாச்னி மாவு மூன்று கிலோ, மட்கி ஒரு கிலோ, கறுப்பு உளுந்து இரண்டு கிலோ. உளுந்தை ஊறப்போட்டால் தோலைக் களைந்து கொட்டிவிடாதே, அப்படியே அரை.

அப்பா