பன்றிக் காய்ச்சல்: விற்கும் முன் இதைப் படிங்க

அண்ணன்மாரே, அக்காமாரே, வணக்கம். ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் 2021-இல் மலேசியாவின் சபாவில் தொடங்கி, அந்த ஆண்டு கடைசியிலேயே மலாக்காவுக்கு வந்துவிட்டது. மனுசருக்கு ஒட்டாது, ஆனால் கொட்டகையையே காலி பண்ணிவிடும்.

ஒரு பன்றி தீனியை விட்டு மூலையில் ஒதுங்கிப் படுத்தால் காய்ச்சல் பாருங்க. 40.5 பாகைக்கு மேலே, காது நுனி செந்நீலமாக இருந்தால் அந்தப் பண்ணையிலிருந்து ஒரு பன்றிகூட லோரி ஏறக் கூடாது. கால்நடைச் சேவைத் துறைக்கு அன்றைக்கே சொல்லுங்க. "கிலோவுக்கு ஒரு வெள்ளி குறைத்தாவது தள்ளிவிடலாம்" என்ற அவசரம்தான் நோயை ஊர் ஊராகக் கொண்டுபோகிறது. தொற்றிய பன்றி 19 நாள் வரைகூட நல்லாவே தெரியும்.

வியாபாரி லோரி வாசலுக்கு வெளியிலேயே நிற்கட்டும். சக்கர இடுக்கில் காய்ந்த சாணியைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக் கழுவின பிறகுதான் மருந்து: 10 லிட்டர் தண்ணீருக்கு 100 கிராம் விர்கோன் (Virkon) கிருமிநாசினித் தூள், 10 நிமிடம் ஊறணும். சேற்றின் மேல் அடித்த மருந்து வீண். கால் முக்கும் தொட்டியில் இந்த மருந்தின் இளஞ்சிவப்பு வெளுத்தால் உடனே மாற்றுங்க.

பன்றிக்குத் தீனியாகக் கடைச் சாப்பாட்டு மிச்சம் வேண்டவே வேண்டாம்.

நோயில்லாத பண்ணைக்காரர்கள், 100 கிலோ எட்டியதை விலை ஏறட்டும் என்று நிறுத்தி வைக்காதீங்க. நாளுக்கு மூணு கிலோ தீனி போகும், ஏறுவதில் கொழுப்பு கூடிக்கொண்டே போகும். பன்றி நடமாட்டத்துக்குத் தடை விழுந்தால் அதைக்கூட விற்க முடியாது.